கடைசிக் காலத்துக்கு எவ்வளவு பணம் எடுத்து வைக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு 68 வயது. பழைய வண்ணாரப்பேட்டையில் சொந்த வீடு. எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருந்தேன், இப்போது இல்லை. மேல் போர்ஷன் வாடகை மாதம் 7,000 ரூபாய். போஸ்ட் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 10 லட்சம், வங்கி டெபாசிட்டில் 9 லட்சம் இருக்கிறது. எல்லாம் என் ஒருவன் பெயரில். நுரையீரல் கோளாறு (சி.ஓ.பி.டி.), இன்ஹேலரில் ஓடுகிறது. இரண்டு வருடம் முன்பு என் மனைவியை ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் வைத்தோம். எட்டு லட்சம் செலவானது, நகை அடகுக்குப் போனது, கடைசி நாட்களில் அவள் பக்கத்தில் உட்காரக்கூட விடவில்லை. எனக்கு அப்படி வேண்டாம். எவ்வளவு ஒதுக்க வேண்டும்? இப்போது மெடிக்கல் பாலிசி எடுக்கலாமா? மகன் பெரம்பூர், மகள் திருவொற்றியூர். பேச்செடுத்தாலே "அபசகுனமா பேசாதீங்கப்பா" என்கிறார்கள். வீட்டை இப்போதே எழுதி வைத்துவிடலாமா?

பதில்: ஐயா, உங்களிடம் பணம் போதுமான அளவு இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைவிழந்து படுத்தால் அன்றைக்கு அதை எடுக்க யாராலும் முடியாது. அதனால் எவ்வளவு என்பதற்கு முன்னால், யார் கையெழுத்தில் என்பதைப் பார்ப்போம்.

வங்கி டெபாசிட்டில் மகள் அல்லது மகன் பெயரை 'எய்தர் ஆர் சர்வைவர்' (இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்) முறையில் சேருங்கள். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்று போட்டுவிடாதீர்கள். அதில் நீங்கள் இருக்கும்வரை நீங்கள் மட்டும்தான் எடுக்க முடியும். இன்னொன்று, பலரும் கவனிக்காதது: 'எய்தர்' என்று இருந்தாலும் முதிர்வுக்கு முன்பு டெபாசிட்டை உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஒருவரே உடைக்கலாம் என்று இருவரும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. வங்கிக்குப் போகும் அன்றே அதையும் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். 9 லட்சத்தை மூன்று மூன்று லட்சமாகப் பிரித்துப் போட்டால், தேவைக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம்.

பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. எழுதிக் கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் நிலையை இழந்தால் சாதாரண பவர் பத்திரம் செல்லாது. மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடும். நாமினியும் உயிரோடு இருக்கும் காலத்துக்கு உதவ மாட்டார். சுயநினைவு இருந்து கையெழுத்து மட்டும் போட முடியாவிட்டால் வழி இருக்கிறது: இரண்டு சாட்சிகள் முன்னிலையில், அதில் ஒருவர் வங்கி அதிகாரி, கைநாட்டு வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் கொடுக்கிறது.

போஸ்ட் ஆபீஸ் 10 லட்சத்தை அவசரப் பணமாக எண்ண வேண்டாம். அந்தத் திட்டத்தில் கணவன் அல்லது மனைவியோடு மட்டும்தான் ஜாயின்ட் போட முடியும். 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு 20,500 ரூபாய் வட்டி வரும். வாடகையோடு சேர்த்தால் மாதம் சுமார் 13,800. அது உங்கள் அன்றாடச் செலவுக்கு. வட்டி வந்து விழும் சேமிப்புக் கணக்கையாவது ஜாயின்ட் ஆக்குங்கள்.

சரி, எவ்வளவு? என் கணக்கு 6 லட்சம், இரண்டு பங்காக.

முதல் 3 லட்சம் மருத்துவமனைக்கு. உங்கள் நோயில் சளி, கிருமித் தொற்று வந்து மூச்சு திணறுவதும், ஒரு வாரம் அட்மிட் ஆகித் தேறி வருவதும் உண்டு. அந்தச் சிகிச்சையை மறுக்க வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போனால் இந்தப் பங்கில் பெரும்பகுதி அப்படியே மிஞ்சும்.

அடுத்த 3 லட்சம் வீட்டுக்கு. காப்பீடு எடுத்தவர்கள்கூட இதைக் கணக்கில் வைப்பதில்லை. பாலிசிகள் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். ஐ.சி.யூ.வுக்குக் கிடைக்கும், வீட்டில் புரட்டிப் படுக்க வைத்துக் கஞ்சி கொடுக்கும் ஆளுக்குக் கிடைக்காது. கடைசி மாதங்களின் செலவு அந்த ஆள்தான். ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கும் ஆள், வாடகைக்குக் கட்டில், ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி), டயப்பர், மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 45,000 என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு 2,70,000. மீதி மின்சாரத்துக்கு. 350 வாட் கான்சன்ட்ரேட்டர் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாத பில்லில் 500 யூனிட் கூடும். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்கும் இப்போதே ஏற்பாடு வேண்டும், இன்வெர்ட்டரோ ஒரு சிலிண்டரோ.

இந்தச் செலவைக் குறைக்க அரசு உதவி உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சையும் (நோயின் வேதனையைத் தணிக்கும் சிகிச்சை) பிசியோதெரபியும் இலவசமாகத் தருகிறார்கள். உங்கள் பகுதி மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நோய் முற்றிய பிறகு கேட்கலாம் என்று தள்ள வேண்டாம். மூச்சுத் திணறலைத் தணிக்கக் குறைந்த அளவு மார்ஃபின் கொடுப்பது உண்டு. அதை அளவறிந்து எழுதித் தர அந்தப் பயிற்சி உள்ள டாக்டர் வேண்டும், அவரை இப்போதே தெரிந்து வைத்திருப்பது நல்லது. மணலி பக்கம் மாத்தூரில் உள்ள ஜீவோதயா இல்லத்தில் கட்டணம் வாங்காமலே பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அது புற்றுநோயாளிகளுக்கானது. உங்களுக்கு இல்லாவிட்டாலும் தெருவில் யாருக்காவது தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.

பாலிசி? 2024 ஏப்ரலிலிருந்து 65 வயது என்ற உச்ச வரம்பு கிடையாது. ஆனாலும் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம், விண்ணப்பத்தை மறுக்கவும் செய்யலாம். உங்களுக்கு வேண்டியதே நுரையீரலுக்கான பாதுகாப்பு. அது கிடைக்காத வருடங்களுக்கு பிரீமியம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மகன் வேலை செய்யும் கம்பெனியின் குரூப் பாலிசியில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். குரூப் பாலிசிகளில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பலன் கிடைப்பது சகஜம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000. உங்கள் வட்டியும் வாடகையும் அதைத் தாண்டிவிடுகிறது.

அப்புறம், வென்டிலேட்டர் வேண்டாம் என்பது. இதை வாயால் சொல்லி வைத்தால் நிற்காது. ராத்திரி ஒரு மணிக்கு "வைக்கலாமா, சீக்கிரம் சொல்லுங்க" என்று டாக்டர் கேட்கும்போது எந்தப் பிள்ளையால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? உறவுக்காரர்கள் சுற்றி நிற்பார்கள், கவுன்டரில் அட்வான்ஸ் கேட்பார்கள். உங்கள் மனைவிக்கு நடந்தபோது உங்களாலேயே முடியவில்லை அல்லவா? அந்தச் சுமையைப் பிள்ளைகள் தலையில் வைக்காமல் இருக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

மீள வழியில்லாத நிலையில் உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கியது. இப்போது அதில் மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவையில்லை. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும். உங்கள் சார்பில் முடிவு சொல்ல ஒருவருக்கு மேலும் பெயர் குறிப்பிடலாம், மகன் மகள் இருவரையும் போடுங்கள். ஒரு பிரதி குடும்ப டாக்டருக்கு. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். இந்தக் காகிதம் இருந்தாலும் மருத்துவர்கள் அடங்கிய இரண்டு குழுக்கள் ஒப்புக்கொண்ட பிறகே சிகிச்சையை நிறுத்துவார்கள். அதனால், தேற வேண்டிய நோய்க்கும் கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம்.

வீட்டை இப்போது எழுதிக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. மாத வாடகையும், ஆறு மாதம் என்று நாம் போட்ட கணக்கு இரண்டு வருடமாக நீண்டால் கடன் வாங்க ஒரு பிடிப்பும் அந்த வீடுதான். உயில் எழுதுங்கள், இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை. ஜாயின்ட் டெபாசிட்டில் மிஞ்சுவதை இருவரும் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் பெயர் இருக்கிற பிள்ளை மேல் மற்றவருக்கு வருத்தம் வரும்.

பிள்ளைகளிடம் சாவைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். "பேங்க்ல கையெழுத்துப் போடணும், ரெண்டு பேரும் வாங்க" என்று ஒரு சனிக்கிழமை கூப்பிடுங்கள், இரண்டாவது, நான்காவது சனி மட்டும் வங்கிக்கு விடுமுறை. டெபாசிட் வேலை முடிந்ததும் நோட்டரியிடம் போகலாம். போவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டி, எந்தெந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று அவர் சொல்லும் வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.