கேள்வி–பதில்: முசோலினி ஆட்சியில் யூதர்கள்

யூதர்களை ஒடுக்கியவர் என்றால் ஹிட்லர் பெயர்தான் முதலில் வருகிறது. முசோலினியின் இத்தாலியிலும் அது நடந்ததா? ஹிட்லர் சொல்லித்தான் அவர் செய்தாரா?
– கல்லூரி மாணவி, காட்பாடி

நடந்தது. ஹிட்லர் மேல் பழியைப் போட்டு இத்தாலியைத் தப்பவிட முடியாது. முசோலினி 1922-இல் ஆட்சிக்கு வந்தார். பல ஆண்டுகள் அவருடைய பாசிசக் கட்சியிலேயே யூதர்கள் உறுப்பினர்களாக இருந்தார்கள். இனச் சட்டம் முதலில் பாய்ந்தது ஆப்பிரிக்கர்கள் மேல். எத்தியோப்பியாவைப் பிடித்த பிறகு, 1937-இல், காலனியில் இருந்த ஆப்பிரிக்கர்களோடு இத்தாலியர் குடும்பம் நடத்துவது குற்றமாக்கப்பட்டது. யூதர்களின் முறை அடுத்த ஆண்டு வந்தது.

1938-இல் நடந்தவற்றின் வரிசையைக் கவனியுங்கள். ஜூலை 14-இல் 'யூதர்கள் இத்தாலிய இனத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல' என்ற அறிக்கை பத்திரிகையில் வந்தது. ஆகஸ்ட் 22-இல் யூதர்களை மட்டும் தனியாகக் கணக்கெடுத்தார்கள். ஏறக்குறைய 47,000 பேர், அதாவது மக்கள்தொகையில் ஆயிரத்துக்கு ஒருவர். பள்ளி திறக்கும் முன்பே, செப்டம்பரில், யூத ஆசிரியர்களும் மாணவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். முதன்மைச் சட்டம் நவம்பர் 17-இல் வந்தது. அதன்படி யூதரல்லாத இத்தாலியரைத் திருமணம் செய்யக் கூடாது, அரசு வேலையும் ராணுவப் பணியும் கிடையாது, நூறு பேர் வேலை செய்யும் நிறுவனத்தை வைத்திருக்கக் கூடாது. யூதரல்லாத ஒருவரை வீட்டு வேலைக்குக்கூட அமர்த்த முடியாது. எழுதியவர்கள் இத்தாலிய அதிகாரிகள். கையெழுத்திட்டவர் மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல்.

கட்டாய வேலை எப்படி நடந்தது? அதனால் அரசுக்கு லாபம் இருந்ததா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ராணிப்பேட்டை

உள்துறை அமைச்சகத்தில் இனப் பிரச்சினைக்கென்றே 'டெமோராட்சா' என்று ஓர் இயக்குநரகம் இருந்தது. 18 முதல் 55 வயது வரையுள்ள யூத ஆண், பெண் எல்லோரையும் உடலுழைப்புக்கு அழைக்கும்படி 1942 மே மாதம் அங்கிருந்து மாவட்ட அதிகாரிகளுக்கு உத்தரவு போனது. ரோமில் வழக்கறிஞர்களும் கடைக்காரர்களும் மண்வெட்டியோடு டைபர் ஆற்றங்கரையில் மண் வெட்ட நிறுத்தப்பட்டார்கள். அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வந்தன.

வேலை என்று பார்த்தால் கிடைத்த பலன் சொற்பம். அழைக்கப்பட வேண்டியவர்களில் முதியவர்களும் நோயாளிகளும் ஏராளம், கொடுப்பதற்கு வேலையும் போதவில்லை. உண்மையில் வேலை செய்தவர்கள் பட்டியலில் இருந்தவர்களில் ஒரு சிறு பங்குதான். ஆட்சியின் நோக்கம் வேறு. யூதர்களை ராணுவத்திலிருந்து விலக்கியதே அரசு. பிறகு, 'நம் பிள்ளைகள் போர்முனையில் சாகிறார்கள், இவர்கள் சும்மா இருக்கிறார்கள்' என்று பிரசாரம் செய்ததும் அதே அரசு. அந்தப் பிரசாரத்துக்குத் தெருவில் ஒரு காட்சி தேவைப்பட்டது.

ஆனால் இதையெல்லாம் விடக் கொடிய விளைவு பதிவேடுகளால் வந்தது. பெயர், வயது, முகவரி எல்லாம் அரசு அலுவலகங்களில் தயாராக இருந்தன. முசோலினி பதவி இழந்து, இத்தாலி எதிரணியிடம் சரணடைந்தபோது, 1943 செப்டம்பரில் ஜெர்மானியர் இத்தாலியைப் பிடித்ததும் அந்தப் பட்டியல்கள் கைதுக்குப் பயன்பட்டன. அக்டோபர் 16 அன்று ரோமில் வளைத்துப் பிடித்தவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போலந்தில் ஜெர்மானியர் நடத்திய மரண முகாமான ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். உயிரோடு திரும்பியவர்கள் 16 பேர். நவம்பர் 30-இல், ஜெர்மானியர் ஆதரவோடு வடக்கே அமைந்த முசோலினியின் புதிய அரசே எல்லா யூதர்களையும் கைது செய்ய ஆணையிட்டது. அதை நிறைவேற்றியது இத்தாலியப் போலீஸ்.

எங்கள் ஊரில் பல வீடுகளில் தாத்தாக்கள் இரண்டாம் உலகப் போருக்குப் போனவர்கள். லிபியா பாலைவனத்தில் இந்தியப் படை இத்தாலியரோடு சண்டை போட்டதாகச் சொல்வார்கள். அங்கேயும் யூதர்கள் இருந்தார்களா?
– வாசகர், கம்மவான்பேட்டை

இருந்தார்கள், சுமார் 30,000 பேர். லிபியா அப்போது இத்தாலியின் காலனி. அதன் கிழக்குப் பகுதியான சிரெனைக்கா போரில் பலமுறை கைமாறியது. 1941 டிசம்பரில் பெங்காசியைப் பிடித்த படையில் நான்காவது இந்திய டிவிஷன் இருந்தது. அந்த டிவிஷனில் ராணுவப் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸும் இருந்தார்கள். பெங்காசி யூதர்களுக்கு அது விடுதலை நாள். சில வாரங்களில் இத்தாலி–ஜெர்மன் படை திரும்பி வந்துவிட்டது. பிரிட்டிஷாரை வரவேற்றதற்குத் தண்டனையாக, சிரெனைக்கா யூதர்களை மொத்தமாக வெளியேற்ற 1942 பிப்ரவரியில் முசோலினி உத்தரவிட்டார்.

சுமார் 2,600 பேரைத் திரிப்போலிக்குத் தெற்கே மலைமேல் இருந்த ஜியாடோ என்ற பழைய ராணுவ முகாமில் அடைத்தார்கள். ஒரு கொட்டகையில் பல குடும்பங்கள், நடுவே மறைப்பு வெறும் போர்வை. ஆளுக்கு நாளைக்கு 100 முதல் 150 கிராம் ரொட்டி. தண்ணீர் பற்றாக்குறை. அந்தக் குளிர்காலத்தில் டைஃபஸ் காய்ச்சல் பரவியது. பசியாலும் நோயாலும் இறந்தவர்கள் 562 பேர்.

நம் வேலூர் மருத்துவமனைகளில் 'ஸ்க்ரப் டைஃபஸ்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்து வருவது. முகாமில் வந்தது வேறு வகை, உடைப் பேன் பரப்புவது. இந்தப் பேன் துணியின் தையல் மடிப்பில் குடியிருக்கும். சொறியும்போது அதன் எச்சத்திலுள்ள கிருமி தோலின் கீறல் வழியே உள்ளே போகும். காய்ச்சல் ஏறியவரின் உடல் சூடு தாங்காமல் பேன் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு மாறிவிடும். தடுக்க விலையுயர்ந்த மருந்து எதுவும் தேவையில்லை. துணியைக் கொதிநீரில் போட்டாலே பேன் செத்துவிடும். மாற்றுத் துணி, விறகு, தண்ணீர் மூன்றும் கொடுத்திருந்தால் அங்கே இத்தனை பேர் மடிந்திருக்க மாட்டார்கள்.

மேற்கே திரிப்போலிப் பகுதியில் 18 முதல் 45 வயது வரையுள்ள யூத ஆண்களைக் கட்டாய வேலைக்கு இழுத்தார்கள். சிலர் எகிப்து எல்லையைத் தாண்டி, புக்புக்கில் ராணுவத்துக்குச் சாலை போட்டார்கள். தலைக்கு மேலே குண்டுவீச்சு. 1943 ஜனவரியில் பிரிட்டிஷ் எட்டாவது படை வந்துதான் ஜியாடோ திறந்தது.

ஆஷ்விட்ஸ் கைதிகளுக்கு மரக்கட்டைச் செருப்பு கொடுத்தார்களாம். செருப்பாலேயே ஆட்கள் செத்தார்கள் என்கிறார்களே, அது எப்படி?
– காலணித் தொழிற்சாலைத் தொழிலாளி, ஆம்பூர்

உங்கள் தொழில் அறிவே இதற்குப் பாதி விடை தந்துவிடும். நடக்கும்போது விரல் மூட்டுக்கு அடியில் சோல் மடிய வேண்டும். மரம் மடியாது. அதனால் ஒவ்வொரு அடிக்கும் குதிகால் தூக்கி, செருப்பின் மேல்பாகமான அப்பரில் உரசும். அளவு பார்த்துக் கொடுப்பதில்லை, சில சமயம் ஜோடியே சேராது. காலுறைக்குப் பதில் கந்தல் துணி. சேறும் பனியும் கட்டையடியில் அப்பிக்கொள்ளும். முதல் நாள் கொப்புளம், அடுத்து புண், பிறகு சீழ். கால் வீங்கியதும் அதே செருப்பு நுழையாது. வரிசையில் பின்தங்கினால் அடி விழும். மருத்துவக் கொட்டகைக்குப் போனால், வேலைக்கு லாயக்கில்லை என்று விஷவாயு அறைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் ஆபத்து.

இத்தாலிய யூதர்கள் பலர் ஆஷ்விட்ஸின் மோனோவிட்ஸ் முகாமில் இப்படி உழைத்தார்கள். டூரின் நகர வேதியியலாளர் பிரீமோ லேவியும் 1944-இல் அங்கே கொண்டுபோகப்பட்டவர். ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் அங்கே செயற்கை ரப்பர் ஆலை கட்டியது. ஒரு கைதியின் ஒரு நாள் உழைப்புக்குத் தொழில் தெரிந்தவரானால் 4 மார்க், தெரியாதவரானால் 3 மார்க் என, முகாம்களை நடத்திய நாஜிகளின் எஸ்.எஸ். படைக்குப் பணம் கட்டியது. கைதிக்கு அதில் ஒரு காசும் இல்லை. கடைசிவரை அந்த ஆலையிலிருந்து ரப்பர் வரவேயில்லை.

இறந்தவர்களின் பெயரை எங்கே தேடலாம்? போருக்குப் போன எங்கள் பெரிய தாத்தாவின் விவரமும் கிடைக்குமா?
– வாசகர், குடியாத்தம்

நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் ஆவணங்கள் ஜெர்மனியின் ஆரோல்சன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அதன் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். ஒரே பெயரைப் பல விதமாக எழுதியிருப்பார்கள், பிறந்த தேதியைச் சேர்த்துப் பாருங்கள். இத்தாலிய யூதர்களுக்கு மிலான் நகரின் செடெக் மையம் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது.

தாத்தா போரில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயர் இருக்கும். ஆங்கில எழுத்து எப்படியும் மாறியிருக்கும், தந்தை பெயர், ஊர்ப் பெயரை வைத்து உறுதிசெய்யுங்கள். உயிரோடு திரும்பியவராக இருந்தால் அந்தத் தளத்தில் கிடைக்க மாட்டார். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். படை எண் இல்லாமல் தேடுவது கடினம். பழைய பென்ஷன் புத்தகத்திலோ பதக்கத்தின் விளிம்பிலோ அந்த எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.