வீட்டுத் தோட்டத்தில் ஆறு நாட்டுக்கோழிகளுக்கு மட்டும் ஒரு பகுதியை அடைப்பது எப்படி?

கீரைப்பாத்தியைக் கிளறுகின்றன, நாலடி வலையையும் தாண்டுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். நாட்டுக்கோழி நன்றாகவே பறக்கும். ஆறடி உயரம் வேண்டும். மேலே குறுக்குக் கம்பு கட்டாதீர்கள், அதில் ஏறி உட்கார்ந்துதான் அந்தப்பக்கம் குதிக்கும். அப்படியும் தாண்டுகிற கோழிக்கு ஒரு பக்க இறக்கையின் நீள இறகுகளை மட்டும் வெட்டுங்கள். முளைத்து வரும் இறகில் ரத்தம் ஓடும், அதைத் தொடவே கூடாது.

எங்கள் தென்காசி மாவட்டப் புளியரைப் பக்கம் பெரிய கவலை கீரி. அறுகோணக் கண் உள்ள கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், அவ்வளவுதான். நாய் கடித்துப் பிய்த்துவிடும். அடியில் இரண்டடிக்கு அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) கட்டுங்கள். அதற்கும் கீழே ஒரு அடி அகலத்துக்கு வலையை வெளிப்பக்கமாக மடக்கி மண்ணில் பதியுங்கள். தோண்டுகிற பிராணி வேலியின் காலடியில்தான் தோண்டும், கம்பி தட்டியதும் விட்டுவிடும்.

தூணுக்குக் கிளுவைப் போத்து (வெட்டி நடும் கிளை) போதும், சாரலில் வேர்பிடித்துவிடும். ஆனால் அதே சாரலில் தரை சேறானால் ரத்தக்கழிச்சல் பரவும். அதனால் அடைப்பை இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி விடுங்கள். இரவில் கட்டாயம் கூண்டு.