சர்வீஸ் முடிந்து வந்த வண்டி வழியில் நின்றால்: கேள்வி பதில்

கோவையில் ஒரு சர்வீஸ் சென்டரில் 19 வருடம் வேலை பார்த்தவன் நான், அதில் கடைசி 8 வருடம் ஃப்ளோர் சூப்பர்வைசர். இப்போது குன்னூரில் சொந்தமாக வண்டி பார்க்கிறேன். சர்வீஸ் விட்டு எடுத்த வண்டி மலை ஏறும்போதோ இறங்கும்போதோ படுத்துவிட்டது, தவறு யாருடையது என்று கேட்டு நிறைய பேர் எழுதியிருந்தீர்கள். கேட்டவரின் ஊர்ப் பெயரைப் போட்டு, வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கோத்தகிரி: அண்ணா, மேட்டுப்பாளையத்தில் ஆயில் சர்வீஸ் முடித்து அன்று மாலையே வீடு திரும்பினேன். குஞ்சப்பனை தாண்டியதும் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. யானை நிற்கிற இடம், இருட்டு வேறு. நிறுத்தப் பயந்து இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன், எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. சம்பில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) கல் பட்டிருக்கிறது, விளக்கு எரிந்தும் நீங்கள் ஓட்டியிருக்கிறீர்கள் என்று டீலர் கை விரிக்கிறார். வண்டி இன்னும் ரோட்டோரம்தான் நிற்கிறது.

பதில்: தம்பி, வண்டி அங்கேயே நிற்பது நல்லது. அதை இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள், யாரையும் செய்ய விடாதீர்கள். ஒரு தடவை சாவி திருப்பினால் உள்ளே இருக்கும் அடையாளம் மாறிவிடும்.

கல் பட்டதா, பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லையா என்பதைச் சம்பே சொல்லும். கல் பட்டிருந்தால் அடியில் பள்ளமோ விரிசலோ இருக்கும், கீறிய இடத்தில் உலோகம் புதுசாகப் பளபளக்கும். டிரெயின் போல்ட் வழியாக ஒழுகியிருந்தால், போல்ட்டிலிருந்து பின்பக்கமாக ஆயில் விசிறியடித்தது போலப் படிந்திருக்கும், சம்பின் முன்பக்கம் காய்ந்தே இருக்கும். ஆயில் ஃபில்டரையும் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது ஃபில்டரை மாட்டிவிடுவது உண்டு. முதலில் ஒழுகாது. சூடாகி அழுத்தம் ஏறும்போது இரண்டு வளையமும் நழுவி, சில நிமிஷத்தில் ஆயில் முழுக்க வெளியே போய்விடும்.

அப்புறம் அந்த போல்ட்டில் உள்ள வாஷர். பெரும்பாலான வண்டிகளில் அது ஒரு தடவை நசுங்குவதற்கென்றே செய்தது, ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதுசு போட வேண்டும். பழையதையே போட்டால் அதன் முகத்தில் வட்டத்தழும்பு இரண்டு தெரியும், ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் விலகி. உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். ஆயில், ஃபில்டர், லேபர் எல்லாம் இருக்கும். வாஷர் என்று ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பில்லே உங்களுக்குச் சாட்சி.

விளக்கு எரிந்த பிறகு ஓட்டியது உங்களுக்கு எதிராகத்தான் வரும், அதை மறைக்காதீர்கள். கிடைக்கிற தொகையில் ஒரு பங்கு அதனால் குறையலாம். ஆனால் ஆயில் வெளியே போனதற்கு அது காரணம் ஆகாது. இருட்டில், யானை நடமாடும் வளைவில் ஏன் நிறுத்தவில்லை என்பதை நீங்களே முதல் கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

எடப்பள்ளி: எனக்கும் இதே கதை, சார். "கல் பட்டதாக எழுதிக் கொடுங்கள், இன்சூரன்ஸில் போட்டு வாங்கித் தருகிறேன்" என்கிறார் அட்வைசர். செய்யலாமா?

பதில்: செய்யவே கூடாது. இது எனக்கு மனசு கொதிக்கிற விஷயம், எத்தனையோ குடும்பங்கள் இதில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். கல் பட்டது என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட நொடியில் டீலர் தப்பித்துவிட்டார், அவர் மேல் இனி எதுவும் சொல்ல முடியாது. சரி, இன்சூரன்ஸாவது கொடுக்குமா? சாதாரண பாலிசியில் சம்ப் உடைந்ததற்குப் பணம் வரலாம். ஆயில் போனபின் எஞ்சின் ஜாம் ஆனதை அதன் தொடர்ச்சியான நஷ்டம் என்று தள்ளிவிடுவார்கள், எஞ்சினுக்குத் தனியாகக் கூடுதல் கவர் எடுத்திருந்தால்தான் பேச்சு. இத்தனைக்கும் மேலே, அது பொய்யான கிளெய்ம்.

குன்னூர்: பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் மாற்றி இரண்டு வாரம்தான் ஆகிறது. குடும்பத்தோடு மேட்டுப்பாளையம் இறங்கும்போது பர்லியாருக்கு மேலே பெடல் தரையோடு போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கும் முதல் கியரும்தான் காப்பாற்றின. "பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கியிருக்கிறீர்கள், டிஸ்க் நீலமாகியிருக்கிறது, உங்கள் தவறு" என்கிறார்கள்.

பதில்: முதலில், எல்லோரும் பத்திரமாக இருப்பது பெரிய விஷயம். அரை மணி நேரம் ஆறிய பிறகு பெடல் திரும்பக் கெட்டியானதா? ஆனது என்றால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆறியும் பொத் பொத்தென்றே இருந்தால் லைனில் காற்று இருக்கிறது, இல்லை எங்கோ ஒழுகுகிறது. பேடு மாற்றிய இடத்தில் காற்று நின்றால் அது பெரும்பாலும் வேலை செய்தவர் கைத்தவறு.

கொதித்திருந்தாலும் பழி உங்கள் மேல் மட்டும் விழாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும். ஈரம் ஏறிய பிறகு அதற்கான அளவு 155 டிகிரிதான். மாற்றியதாகப் பில் போட்டுவிட்டு, மேலே பிரேக் ஆயில் டேங்கில் இருப்பதை மட்டும் உறிஞ்சிப் புதுசை ஊற்றும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. டேங்கைத் திறந்தால் தேன் நிறத்தில் அழகாக இருக்கும். கீழே சக்கரத்தில் பேடை அழுத்தும் கேலிப்பரின் நிப்பிளை (ஆயிலை வெளியே எடுக்கும் சிறு திறப்பு) திறந்து எடுத்தால் டிகாக்ஷன் மாதிரி கறுப்பாக வரும். நாலு சக்கரத்திலிருந்தும் தனித்தனியாக, சுத்தமான சிறு கண்ணாடிக் குப்பியில், இரண்டு பேர் முன்னிலையில் எடுத்து மூடி ஒட்டி தேதி எழுதுங்கள்.

டிஸ்க் நீலமானது சூட்டைக் காட்டும், சூட்டுக்குக் காரணத்தைக் காட்டாது. முன்சக்கரம் இரண்டும் ஒரே மாதிரி நீலமென்றால் ஓட்டிய விதம் என்று சந்தேகப்படலாம். ஒரு சக்கரம் மட்டும் நீலமென்றால் அந்த கேலிப்பர் நகர உதவும் பின் என்ற கம்பி இறுகிப் பிடித்திருக்கலாம். பேடு மாற்றும்போது அதைச் சுத்தம் செய்து கிரீஸ் போட வேண்டியது அவர்கள் வேலை.

கூடலூர்: அண்ணா, நீங்கள் இப்படிச் சொன்னால் எப்படி? 22 வருடமாக லாரி ஓட்டுகிறேன். மலையில் பிரேக் போனால் நூற்றுக்குத் தொண்ணூறு ஓட்டுபவர் தவறு. கல்லட்டியின் 36 வளைவிலும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிய வண்டிகள் என்ன ஆயின என்று நாம் பார்க்கவில்லையா?

பதில்: பார்த்திருக்கிறோம் அண்ணே. எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தத் தொண்ணூறை வைத்து இவர் வண்டியைத் தீர்மானிக்க முடியாது. இவர் வண்டியில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அரவங்காடு: நியூட்ரலில் இறங்கினால் மைலேஜ் கிடைக்கும் என்று எங்கள் அப்பா காலத்திலிருந்தே செய்கிறோம். ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இன்றைய வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சினுக்குப் போகும் எரிபொருளே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடக் கொஞ்சம் குடிக்கும். எஞ்சின் பிடிப்பும் போய், மொத்தச் சுமையும் பிரேக் மேல் விழும். தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள்.

கூடலூர்: அதைத்தானே நானும் சொல்கிறேன்! ஓட்டத் தெரியாதவர்களுக்காக மெக்கானிக் பிள்ளைகள் பழி சுமக்கிறார்கள்.

பதில்: அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்று நெருக்கும்போது, பிரேக் ஆயிலை முழுசாக மாற்ற நேரம் கொடுக்காதது அந்தப் பையன் தவறில்லை. நான் மேற்பார்வை பார்த்த இடத்திலேயே ஒரு பையன் வீல் நட்டைக் கையால் மட்டும் மாட்டிவிட்டு அடுத்த வண்டிக்கு ஓடினான். வாசலைத் தாண்டும் முன் சத்தம் கேட்டதால் பிழைத்தோம். அதனால்தான் கேட்கவேண்டியதை நிறுவனத்திடம் கேளுங்கள் என்கிறேன், பையனிடம் சண்டை வேண்டாம்.

குன்னூர் (இன்னொருவர்): அண்ணா, என் வண்டி ஆட்டோமேட்டிக். கியர் போட்டு இறங்கு என்றால் எப்படி?

பதில்: எல், 2 அல்லது மேனுவல் மோட் இருக்கும். அதில் போட்டு இறங்குங்கள். பிரேக் விவாதத்தை இதோடு நிறுத்துவோம், இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

மஞ்சூர்: வீல் அலைன்மென்ட், டயர் மாற்றிப் போட்டது, மூன்றாம் நாள் வீல் நட் மாட்டும் ஸ்டட் மூன்று முறிந்தது. பழைய ஸ்டட் என்கிறார்கள்.

பதில்: முறிந்த முகத்தைப் பாருங்கள். ஒரு பகுதி துருவேறியும் மற்றது பளிச்சென்றும் இருந்தால் பழைய விரிசல், அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கலாம். முழுக்கப் பளிச்சென்று இருந்து, சக்கரத்தின் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் நட் லூஸாக இருந்து ஆடியிருக்கிறது. முறிந்த துண்டுகளை அவர்களிடம் விடாதீர்கள்.

கொடைக்கானல்: மதுரையில் சர்வீஸ் செய்தேன். வழக்குப் போட மதுரைக்கு அலைய வேண்டுமா? வக்கீல் கட்டணம் எவ்வளவு?

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். உங்களுக்குத் திண்டுக்கல், நீலகிரிக்காரர்களுக்கு ஊட்டி. வக்கீல் கட்டாயமில்லை. புகார்க் கட்டணம் நீங்கள் கொடுத்த பில் தொகையைப் பொறுத்தது, 5 லட்சம் வரை ஆணையத்துக்கு எதுவும் கட்ட வேண்டாம். பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். நோட்டீஸ் கிடைத்தபின் எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கு முன்னால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிட்டுப் பாருங்கள், பல சண்டைகள் அங்கேயே முடிகின்றன.

ஊட்டி: டாக்ஸி ஓட்டுகிறேன். தொழில் வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்கிறார்களே?

பதில்: பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் ஒரே வண்டி என்றால் பொருந்தும், சட்டத்திலேயே அந்த விளக்கம் இருக்கிறது. பத்து வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டினால் கஷ்டம்.

லவ்டேல்: ஜாப் கார்டின் பின்னால் "சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பதில்: பயப்படாதீர்கள். வண்டியை ஒப்படைத்தால் தன் பொருளைப் போலக் கவனிக்கும் கடமை வாங்கியவருக்கு உண்டு, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு. தன் கவனக்குறைவை அச்சடித்த வரியால் மறைக்க முடியாது என்று ஹோட்டல் பார்க்கிங்கில் கார் திருடுபோன வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே வாதத்தை இங்கேயும் வைக்கலாம்.

கேத்தி: புது வண்டியே கேட்கலாமா?

பதில்: சர்வீஸ் தவறுக்குக் கேட்டால் கிடைக்காது. ரிப்பேர் செலவு, வண்டியில்லாமல் ஆன செலவு, மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடு, இவற்றைக் கேளுங்கள்.

ஜெகதளா: பணம் கட்டினால்தான் வண்டி என்கிறார்கள்.

பதில்: செய்த வேலைக்கான கூலி வரும்வரை பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று பில்லில் எழுதிக் கட்டி வண்டியை எடுங்கள். நீங்கள் ஒப்புக்கொள்ளாத வேலைக்குப் பில் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.

வெலிங்டன்: எஞ்சின் சத்தம் வந்தது, சும்மா ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தேன்...

பதில்: மேலே கோத்தகிரித் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முதல் பதிலிலேயே சொன்னேன், இதே கேள்வி இன்று நான்காவது.

கட்டபெட்டு: எந்த ஆயில் நல்லது?

பதில்: உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது.

கோத்தகிரி: அண்ணா, திரும்பவும் நான்தான். படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சம்பில் பள்ளமே இல்லை. போல்ட்டிலிருந்து பின்பக்கம் முழுக்க ஆயில். பில்லில் வாஷர் இல்லை. நாளை காலை டீலர் ஆள் அனுப்பி வண்டியை எடுத்து அவர்கள் இடத்திலேயே எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்களாம்.

பதில்: ஆள் வருவதற்குள் தேதி, நேரம் தெரியும்படி வீடியோ எடுத்துவிடுங்கள். போல்ட், ஃபில்டர், சம்பின் முன்பக்கம், பின்பக்கம், கிலோமீட்டர் காட்டும் மீட்டர். போல்ட்டை நீங்கள் தொட வேண்டாம். கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள், சக்கரம் தரையில் படாமல் ஏற்றிப்போகும் தட்டு லாரியில் ஏற்றச் சொல்லுங்கள். "நான் இல்லாமல் பிரிக்கக் கூடாது, கழற்றுகிற ஒவ்வொரு பாகமும் எனக்கு வேண்டும்" என்று டீலருக்கு இன்று இரவே ஈமெயில் அனுப்புங்கள், அதையே ஸ்பீட் போஸ்டிலும் போடுங்கள். பிரிக்கும் நாளில் உங்களோடு நானும் வருகிறேன். காலையில் எனக்கு ஒரு போன் போடுங்கள் தம்பி.