அப்பாவின் குணம் மாறிவிட்டதா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்). பிராமிபெக்சோல் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்த பிறகு தினமும் காட்டன் சூதாட்டத்தில் நம்பர் எழுதப் போகிறார். வாழ்நாளில் சீட்டைத் தொடாதவர். வாசனை தெரிவதில்லை, மலச்சிக்கல் வேறு. மூளை சுருங்குகிறதா? மாத்திரையை நிறுத்திவிட்டு, யூடியூபில் சொல்லும் டோபமின் விரதம் (இன்பம் தருவதையெல்லாம் சில நாள் ஒதுக்குவது) இருக்க வைக்கலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் கடும் பதற்றமும் மனச்சோர்வும் வரலாம். சிலருக்கு உடல் விறைத்துக் காய்ச்சல் வரை போகும். மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற ரசாயனம் குறைந்ததால்தான் அவருக்கு நடுக்கமே வந்தது. அந்த விரதப் பேச்சை இன்றோடு மறந்துவிடுங்கள். வாசனை போனதும் மலச்சிக்கலும் இந்த நோயோடு வருபவை, அவற்றுக்காகப் பயப்பட வேண்டாம்.

உங்கள் அப்பா கெட்டுப்போகவில்லை அம்மா. எதிர்பாராத லாபம் வந்தால் மூளையில் டோபமின் எழும்பும். எதிர்பார்த்தது வராவிட்டால் வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கும். குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து வொல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் 1990களில் இதைக் கண்டார். 'இனி இது வேண்டாம்' என்று நமக்குக் கற்றுக்கொடுப்பது அந்த இறக்கம்தான். பிராமிபெக்சோலோ டோபமினின் இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். இறக்கம் மூளைக்கு உறைக்காது. தோற்ற ஆயிரம் பதியாமல், என்றோ விழுந்த முந்நூறு மட்டும் பதிந்துவிடும்.

இதே மாத்திரை சாப்பிட்ட ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். சட்டைப்பையில் மாத்திரை அட்டையோடு நாலாக மடித்த துண்டுச்சீட்டுகள். "நேத்து ஒரே நம்பர்ல போச்சு டாக்டர்" என்றார், ஜெயித்தவர் மாதிரி. அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

இது அபூர்வமும் இல்லை. அமெரிக்கா, கனடாவில் 3,090 நடுக்குவாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2010ல் வெளிவந்தது. இவ்வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் 17.1 சதவீதம் பேருக்குச் சூதாட்டம், கண்டபடி வாங்குவது, அடங்காத தீனி, மிகையான காம இச்சை இவற்றில் ஏதோ ஒன்று இருந்தது. சாப்பிடாதவர்களில் 6.9 சதவீதம்தான்.

மாத்திரையைத் தொடங்கிய பிறகோ கூட்டிய பிறகோ, இல்லாத பழக்கம் ஒன்று புதிதாக முளைத்தால் அதுதான் ஆபத்துக் குறி. இந்த வாரமே மாத்திரை அட்டைகளோடு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார், தேவைப்பட்டால் வேறு மருந்துக்கு மாற்றுவார். பெரும்பாலோருக்கு ஆசை அடங்கிவிடும். அதுவரை ஏடிஎம் கார்டு அம்மாவிடம் இருக்கட்டும். அப்பா வெட்கப்பட்டு டாக்டரிடம் வாய் திறக்க மாட்டார். நீங்கள் சொல்லுங்கள்.