ஏழாவது எண்

கேள்வி: அக்கா, ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் என்ட்ரி போடுகிறேன். புது சாஃப்ட்வேர் வந்து எட்டு மாசம். ஒரு வண்டிக்கு மூன்று பக்கம் நிரப்ப வேண்டும். கன்டெய்னர் நம்பரைத் தப்பாக அடித்தால் அப்போது வாயைத் திறக்காது. கடைசியில் ‘சேவ்’ கொடுத்தால் ‘தவறான உள்ளீடு’ என்று சிவப்பாக ஒரு வரி வரும், மூன்று பக்கமும் காலியாகிவிடும். வெளியே டிரைவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். ‘உனக்குத்தான் கம்ப்யூட்டர் வரவில்லை’ என்கிறார் மேனேஜர். எனக்கே அப்படித்தானோ என்று தோன்றுகிறது.
– பெயர் வேண்டாம், எர்ணாவூர்

பதில்: அந்தக் கடைசி வரியை முதலில் அழித்துவிடு, தங்கச்சி.

லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீசில் 26 வருஷம், இறக்குமதிச் சரக்குக்காகக் கஸ்டம்ஸில் கொடுக்கிற ‘பில் ஆஃப் என்ட்ரி’ போட்டவள் நான். கன்டெய்னர் நம்பர் என்றால் நாலு எழுத்து, ஏழு எண். அந்த ஏழில் ஆறுதான் பெட்டியின் வரிசை எண். ஏழாவது, முன்னால் இருக்கிற பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. பெட்டியில் அதை மட்டும் தனியாக ஒரு கட்டத்துக்குள் எழுதியிருப்பார்கள், பார்த்திருப்பாய். எதற்கு? தூக்கக் கலக்கத்தில் நீயும் நானும் 6ஐ 8 என்று அடிப்போம் என்று தெரிந்துதான். கணக்கு ஒத்துவராவிட்டால் நம்பர் தப்பு. பென்சிலால் போடக்கூடிய கணக்கு அது. ஐஎஸ்ஓ 6346 என்று உலகம் முழுக்க ஒரே விதி. அதை அந்த இடத்திலேயே போட்டுப் பார்க்காமல் மூன்று பக்கம் தாண்டும்வரை ஒரு சாஃப்ட்வேர் காத்திருந்தால், கம்ப்யூட்டர் வராதது உனக்கா, அதற்கா?

இந்த சாஃப்ட்வேரை வாங்கியவர் அதில் ஒரு வண்டியைக்கூட உள்ளே விட்டிருக்க மாட்டார். அவருக்குக் காட்டியது மாசக் கடைசி ரிப்போர்ட், கலர் கலராக வட்டம் போட்டு. எங்கள் வீட்டுக்காரர் தனியாகப் போய் எடுத்துவந்த தீபாவளிச் சேலை மாதிரிதான் இதுவும்; கட்டப் போவது அவர் இல்லையே!

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2020 ஆகஸ்ட் 11ஆம் தேதி சிட்டி பேங்க், ரெவ்லான் என்ற அழகுசாதனக் கம்பெனியின் சார்பில், அதற்குக் கடன் கொடுத்தவர்களுக்கு 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. போனது கிட்டத்தட்ட 90 கோடி டாலர். அந்த சாஃப்ட்வேரில் வட்டியோடு அசலையும் சேர்த்துத்தான் போட வேண்டும்; அசல் வெளியே போகாமல் பேங்கின் உள்கணக்கிலேயே நிற்க வேண்டுமென்றால் ‘பிரின்சிபல்’, ‘ஃபிரன்ட்’, ‘ஃபண்ட்’ என்று மூன்று கட்டத்தையும் நிரப்ப வேண்டும். அசலுக்கு ‘பிரின்சிபல்’ போதாதா என்று அதை மட்டும் நிரப்பினார்கள். பார்த்து அனுப்பியது மூன்று பேர். இரண்டு பேர் நம் நாட்டில் இருந்து வேலை பார்த்தவர்கள். எச்சரிக்கை வந்தது: பணம் பேங்குக்கு வெளியே போகும், தொடரலாமா? எவ்வளவு பணம் என்று சொல்லவில்லை. வட்டி வெளியேதானே போக வேண்டும், சரி என்று அழுத்திவிட்டார்கள். சுமார் 50 கோடி டாலரைத் திருப்பித் தரமாட்டோம் என்று கடன் கொடுத்தவர்களில் சிலர் நின்றுவிட, கோர்ட்டுக்கு அலைந்து 2022 செப்டம்பரில்தான் மேல்முறையீட்டில் பேங்க் ஜெயித்தது.

நீ ‘சாஃப்ட்வேர் சரியில்லை’ என்று போய் நிற்காதே, புலம்பல் என்பார்கள். ஒரு வாரம் நோட்டில் எழுது: வண்டி வந்த நேரம், எத்தனை முறை காலியானது, கேட் திறந்த நேரம். இரண்டே இரண்டு மாற்றம் கேள். நம்பர் அடித்த உடனே ஏழாவது எண்ணைச் சரிபார்க்கட்டும். தப்பு வந்தாலும் அடித்தது அழியாமல் நிற்கட்டும். அப்புறம், எண்ணூர் ரோடு அடைத்துக்கொள்ளும் நேரமாகப் பார்த்து மேனேஜரை உன் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு வண்டி போடச் சொல். எங்கள் முதலாளியை அப்படி உட்கார வைத்தோம். இரண்டாவது முறை எல்லாம் காலியானதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு டீ சொன்னார். அடுத்த வாரம் சாஃப்ட்வேர்காரர் வந்து நின்றார்.

கேள்வி: எங்கள் மருந்துக்கடை பில்லிங் சாஃப்ட்வேரில் பேஸ்ட் செய்யவே முடியவில்லை. பேட்ச் நம்பரை ஒவ்வொன்றாக அடிக்கிறேன். வழி உண்டா?
– ஒரு பெரியவர், ராயபுரம்

பதில்: மவுஸின் வலது பட்டனை மட்டும் பூட்டியிருப்பார்கள், ஐயா. கன்ட்ரோலோடு ‘வி’ அழுத்திப் பார்த்தீர்களா?