துக்கத்தில் இருப்பவர்களின் கேள்விகள்: ரங்கூன் சயாமா பதில்

ரங்கூனில் வேதபாட வகுப்பு எடுத்து வருகிறேன், அதனால் எல்லோரும் என்னைச் சயாமா (பர்மிய மொழியில் ஆசிரியை) என்றே கூப்பிடுகிறார்கள். கரண்ட் இருக்கும்வரை பதில் எழுதுகிறேன்.

பெகுவிலிருந்து ஒரு சகோதரி: மாந்தளையில் இருந்த என் அண்ணன் 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் போய்விட்டார். அன்றிலிருந்து ஜெபிக்க வாயே வரவில்லை. விசுவாசத்தை இழந்துவிட்டேனா, சயாமா?

இல்லை தங்கச்சி. சங்கீதம் 88ஐ எடுத்து, வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, இருளிலேயே முடிகிறது. அப்படிப் புலம்பினவரும் முதல் வரியில் "கர்த்தாவே" என்று கூப்பிட்டுத்தான் தொடங்குகிறார். அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு வார்த்தை வரும்வரை அவருடைய வார்த்தையைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கும் ஒன்று. "எல்லாம் தேவ சித்தம்" என்று துக்க வீட்டில் சொல்லாதீர்கள். வேதத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நன்றாகத்தான் இருந்தார்கள். என் கணவர் இறந்த மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்கா தூக்குச்சட்டியில் மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) கொண்டுவந்தார். நான் சாப்பிட்டதும் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். ஒரு வசனமும் சொல்லவில்லை. அந்தக் காலையை நான் மறக்கவில்லை.

மோல்மீன்: கவலைக்கு ஒரு வசனம் சொல்லுங்கள்.

சங்கீதம் 42, முழுவதும்.

தான்லின்: வேலை போய்விட்டது. நல்ல எதிர்காலம் தருவேன் என்று தேவன் சொல்லும் எரேமியா 29:11 எனக்குத்தானே?

அதற்கு முந்தின 10ஆம் வசனத்தையும் வாசியுங்கள் தம்பி. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம் சொன்னது அது, எழுபது வருஷம் ஆகும் என்று. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது 5ஆம் வசனம். வேலை தேடுவதை நிறுத்தாதீர்கள்.

ஒரு சகோதரர்: உறுதியான விசுவாசம் இருந்தால் நோய் போய்விடும். மாற்கு 5இல் நோய் தீர்ந்த ஒரு பெண்ணிடம் இயேசு "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்றாரே. மருந்து எதற்கு?

அதே அதிகாரத்தில் இயேசு உயிரோடு எழுப்பின யவீருவின் மகளையும் பாருங்கள் அண்ணே. அந்தப் பிள்ளை செத்துக் கிடந்தாள். அவளுக்கு என்ன விசுவாசம் இருந்திருக்கும்? அப்போஸ்தலன் பவுல் தன் உடம்பில் "முள்" என்று சொன்ன வேதனையை எடுக்கச் சொல்லி மூன்று தரம் கேட்டார், எடுக்கப்படவில்லை.

அதே சகோதரர்: பவுல் வேறு. நமக்குத்தான் விசுவாசக் குறைவு.

சரி, நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தவரையே சொல்கிறேன். வேதாகமத்தைப் பர்மிய மொழியில் மொழிபெயர்த்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1824இல், அன்றைய பர்மியத் தலைநகரான ஆவாவில் சிறையில் விலங்கு போட்டு அடைக்கப்பட்டார். மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் ஒளித்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. விடுதலையான பின் 1826இல் மனைவி ஆன் இறந்தார், 1827இல் இரண்டு வயது மகள் மரியாவும். ஜட்சன் காட்டில் குடிசை போட்டுத் தனியே இருந்தார், தனக்கே ஒரு குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தேவனை நம்புகிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்று 1829இல் எழுதினார். 1834இல் மொழிபெயர்ப்பை முடித்தார். இவருக்கா விசுவாசக் குறைவு?

இன்னொரு சகோதரி: ஒரு பிரசங்கியார் பேச்சைக் கேட்டு என் அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். காலில் புண் ஆறவில்லை.

இன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள், மாத்திரையைப் பற்றியும் கேளுங்கள். அண்ணே, இதற்காகத்தான் உங்களோடு இவ்வளவு நேரம் வாதாடினேன்.

மோல்மீன், இன்னொருவர்: கவலைக்கு வசனம்?

மேலே சொல்லிவிட்டேன், தயவுசெய்து பாருங்கள்.

மாந்தளை: அப்பா சொத்தில் தகராறு. எந்த ஜெபம் செய்ய வேண்டும்?

வக்கீலிடமும் சபை மூப்பரிடமும் பேசுங்கள்.

பெயர் வேண்டாம்: என் தம்பி சாக வேண்டும் என்றே சொல்கிறான். அது பாவம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

பாவம் என்று இப்போது சொல்ல வேண்டாம். தீர்க்கதரிசி எலியாவும் சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்றுதான் கேட்டார். தேவதூதன் கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தம்பியைத் தனியே விடாதீர்கள், பக்கத்திலேயே படுங்கள். மாத்திரை, கயிறு, கத்தி எதுவும் அவன் கைக்கு எட்டக்கூடாது. காலையில் டாக்டரிடம் போக வேண்டும். இன்று இரவே ஏதாவது செய்துவிடுவான் போலத் தெரிந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மற்றவர்கள் கேள்வியை நாளைக்கு வையுங்கள். தம்பியைப் பற்றிக் கேட்ட அம்மா, உங்கள் நம்பரை எனக்குத் தனியாக அனுப்புங்கள், இப்போதே கூப்பிடுகிறேன்.