தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டதே, இப்போது அங்கே ஃபிளாட் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் எந்தத் தெரு என்று சொல்லாமல் கேட்டால் புரோக்கர் மட்டும்தான் உடனே பதில் சொல்வார். நீங்கள் குடியிருக்கத்தான் வாங்குகிறீர்கள், பாதிக்கு மேல் வங்கிக் கடன் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வாங்கிப்போட்டு விற்கிற எண்ணம் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

2021 நவம்பரில் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகளோடு மாநகராட்சி ஆக்கினார்கள். 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிற ஊர். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் திறந்ததும் கிராக்கி இன்னும் ஏறிவிட்டது. பல்லாவரம், பம்மல், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் இன்று ஒரே மாநகராட்சிதான். ஆனாலும் எல்லாத் தெருவிலும் பாதாளச் சாக்கடை கிடையாது, எல்லா வீட்டிலும் குழாயில் தண்ணீர் வராது. (படப்பை, கூடுவாஞ்சேரி மனைகளை எல்லாம் 'தாம்பரம் மிக அருகில்' என்று விளம்பரம் செய்கிறவர்கள் எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறார்களோ!)

முதலில் வெள்ளம். 2015 என்றாலே செம்பரம்பாக்கம் ஏரியைச் சொல்வார்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்துக்கு அது பொருந்தாது. செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. இந்த இடங்கள் ஆற்றின் ஓட்டத்தில் அதற்கு முன்னாலேயே இருக்கின்றன. இங்கே வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். அதனால் 'இனிமேல் மதகைப் பார்த்துத் திறப்பார்கள், பயமில்லை' என்று விற்பனைக்காரர் சொன்னால் அவருக்கு ஊர் தெரியவில்லை என்று அர்த்தம். முடிச்சூர்க்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அங்கேயும் மேடான தெருக்கள் உண்டு. கிழக்கே போனால் சிட்லப்பாக்கம் ஏரி நிரம்பிச் செம்பாக்கம் ஏரிக்கு, அங்கிருந்து அடுத்தடுத்த ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைக்கு என்று தண்ணீருக்கு ஒரு வழி இருக்கிறது. உங்கள் மனை அந்த வழியில் இருக்கிறதா என்று புலப்படத்திலும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) 'அ' பதிவேட்டிலும் (எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) பாருங்கள். பக்கத்துச் சர்வே எண் ஓடை, ஏரி உள்வாய் (ஏரியில் தண்ணீர் தேங்கும் பரப்பு) என்று இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

கட்டடத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள். சம்ப் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) மூடி சாலை மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் மழைத் தண்ணீரோடு சாக்கடையும் குடிநீரில் இறங்கும். மீட்டர் போர்டு கார் நிறுத்தும் தளத்தில் இடுப்பு உயரத்தில் இருந்தால், வெள்ளத்தின்போது மொத்தக் கட்டடத்துக்கும் மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும். லிஃப்ட் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சுவரில் கறைக்கோடு இருந்தால் தண்ணீர் எதுவரை வந்தது என்று அதுவே சொல்லிவிடும்.

அடுத்தது தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசுக் கணக்கு. 24 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் 12,960 லிட்டர். கோடையில் போர் வற்றினால் தினமும் 12,000 லிட்டர் லாரி ஒன்று வந்தாலும் கொஞ்சம் பற்றாது. பழைய ஃபிளாட் என்றால் சங்கத்திடம் ஏப்ரல், மே மாத வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். பராமரிப்புக் கட்டணம் உண்மையில் எவ்வளவு என்பது அந்த இரண்டு மாதத்தில்தான் தெரியும். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 2,000ஐத் தாண்டினால் குழாய், கீசர் எல்லாம் உப்புப் பிடித்துச் சீக்கிரம் போகும். செப்டிக் டேங்க் உள்ள கட்டடம் என்றால் கழிவுநீர் லாரி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்றும் கேளுங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது அந்த இடைவெளி குறைந்துவிடும்.

பத்திரத்தில் பலர் கோட்டை விடுவது யுடிஎஸ் விஷயத்தில், அதாவது மொத்த மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கில். 2,400 சதுர அடி மனையில் மொத்தம் 4,800 சதுர அடி கட்டினால், 800 சதுர அடி ஃபிளாட்டுக்கு 400 சதுர அடி நிலம் வர வேண்டும். 320 என்று எழுதினால் மீதி யார் பெயரில் நிற்கிறது என்று கேளுங்கள். சாலைக்குத் தானமாகக் கொடுத்தது என்பார்கள். அப்படியானால் அந்தத் தானப் பத்திரம் வில்லங்கச் சான்றில் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் பின்னால் இன்னொரு தளம் எழும்ப இடம் வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வில்லங்கம் 30 வருடத்துக்குப் போடுங்கள். 8 வீட்டுக்கும் 500 சதுர மீட்டர் நிலத்துக்கும் மேற்பட்ட திட்டம் என்றால் ரெரா எண் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி திட்டத்தைப் பதிவு செய்த எண்) கட்டாயம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. நிறைவுச் சான்று தேவைப்படும் கட்டடத்தில் அது இல்லாமல் குடியேறினால், தற்காலிக மின் இணைப்புக்கு அதிகக் கட்டணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று யாராவது கமென்ட் போடுவீர்கள், போடுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போடுகிற வழக்கத்தை யார் நிறுத்துவது? ஒவ்வொரு முறையும் சில அங்குலம் ஏறுகிறது. ஒழுங்காக உயர்த்திக் கட்டியவன் வீடும் இருபது வருடத்தில் பள்ளத்துக்குப் போய்விடுகிறது. அப்புறம் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிற செலவு அவன் தலையில். சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. உங்கள் தெருவில் சாலை போட வரும் அன்று, சுரண்டும் இயந்திரம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கவிடுங்கள்.